கீறலுக்கு மேலே

அந்த அம்மாள் தேநீர் கொடுக்கும் விதத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதையும் சொல்ல முடியாது. வீட்டுக்கு ஆண்பிள்ளை எவர் வந்தாலும் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போக மாட்டார். கையில்தான் கொடுப்பார். கொடுக்கும்போது காது மந்தமானவர் போலத் தலையை ஒருபக்கம் சாய்த்து, நம் முகத்தருகே குனிந்து, "சீனி போதுமா?" என்று கேட்பார். பதில் சொல்ல நாம் வாயைத் திறந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் அவருடைய மூக்கு லேசாக விரியும். அவ்வளவுதான், சோதனை முடிந்தது. சீனியைப் பற்றி நாம் சொன்ன பதிலை அவர் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகும் எனக்கு விழுந்தது அதே இரண்டு கரண்டிதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். அவருடைய கணவரைச் சம்சு கொண்டுபோயிற்று. தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் விற்ற அந்த மலிவுச் சாராயம் எங்கள் தோட்டத்தில் மட்டும் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்று எனக்குத் தெரியும். சம்பளப் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர்களை அடித்தவன் நான்தான். அப்போது நான் அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி, கணக்கெழுதுகிறவன்.

தோட்டம் கைமாறி, லயங்களை இடித்தபோது, நாங்கள் மெர்லிமாவுக்கு வெளியே மலாய்க்காரர்களின் கிராமமான ஒரு கம்பத்தை ஒட்டிக் குடியேறினோம். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஒரே ஒரு கம்பி வேலி. அந்த வேலிதான் இந்தக் கதையில் எனக்குள்ள உரிமை.

அவருடைய கணவர் துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். புல்தரையை வெட்ட அங்கே உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன டிராக்டர் ஒன்று இருந்தது. எருமைக் கன்று உயரம். வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் கப்பலில் வந்தது. ஒற்றைச் சிலிண்டர், கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது அதை யாரும் கேட்கவில்லை. "நீயே வெச்சுக்கம்மா" என்று விதவையிடம் தள்ளிவிட்டார்கள். கம்பெனிக்காரர்களுக்கு ஒரு குப்பை குறைந்தது. அந்த அம்மாள் அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத் திடல், கோயில் வளாகம், இடுகாடு, மலாய்க்காரர்களின் பழத்தோட்டங்கள் என்று புல் வெட்டிப் பிழைத்தார். முழுக்கைச் சட்டை, கைலிக்கு உள்ளே காற்சட்டை, தலையில் கணவரின் பழைய தொப்பி. ஊரில் அவருக்கு மெஷின் அம்மா என்று பெயர்.

டிராக்டரோடு வந்த கைப்புத்தகத்தை அவருக்கு வாசித்துச் சொன்னவன் நான். அதில் ஒரு பக்கத்தில் தடித்த எழுத்தில், ஸ்பிரிட், அதாவது சாராயம், கலந்த பெட்ரோலை ஊற்றவே கூடாது என்று போட்டிருந்தது. கார்புரேட்டருக்குள் ஒரு கார்க் மிதவை இருக்கிறது, அதன்மேல் அரக்குப் பூசியிருக்கிறார்கள், ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும், கார்க் ஊறி மூழ்கும், ரப்பர்க் குழாய்களும் இளகிப்போகும் என்று விவரம். அடுத்த பக்கத்தில் சோதித்துப் பார்க்கும் முறை. நான் வாசித்து முடித்ததும் அந்தத் தடித்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மனுசன் ஈரலையே தின்னது, ரப்பர விடுமா, கிராணி?" என்றார்.

அன்றைக்கே சிரப்புப் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஆணியால் அதன் நடுவில் ஒரு கீறல் போட்டார். அந்தக் கீறல் வரைக்கும் தண்ணீர். அதற்குமேல் பெட்ரோல். மூடிக் குலுக்கி, மர நிழலில் வைத்துவிட வேண்டும். நல்ல பெட்ரோலாக இருந்தால் மேலே பிரிந்து நிற்கும். தண்ணீர் கீறலிலேயே இருக்கும். ஸ்பிரிட் கலந்திருந்தால் தண்ணீர் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு கீறலுக்கு மேலே ஏறிவிடும். "நிக்கட்டும், பாப்போம்" என்பார். பிறகு எல்லாவற்றுக்கும் அதுவே அவர் வாய்ப்பேச்சாகிவிட்டது. மந்திரி வந்து குழாய்த் தண்ணீர் தருவேன் என்று சொன்னபோதும், என் மனைவி சீட்டுப் பிடிக்கலாமா என்று கேட்டபோதும், "நிக்கட்டும், பாப்போம்."

எங்கள் பக்கம் பெட்ரோலையும் எண்ணெய் என்றுதான் சொல்வோம். எண்ணெய் வாங்குவதில் அவருக்கு இருந்த சட்டதிட்டங்கள் என்னைப்போலப் பயந்த சுபாவக்காரனுக்கே அதிகம். டாங்கி லாரி வந்து இறக்கிய அன்று வாங்க மாட்டார், அடியிலுள்ள கசடு கலங்கியிருக்குமாம். கூட்டமில்லாத பெட்ரோல் ஸ்டேசனில் வாங்க மாட்டார், நாள்பட்ட சரக்காம். ஈயமில்லாத பெட்ரோல் என்று புதுக் குழாய் வைத்தபோது அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிளாஸ்டிக்கில் வாங்கமாட்டார், தகர டின்தான். கழுத்துவரை நிரப்ப வேண்டும், காலியிடம் விட்டால் ஈரக்காற்று உள்ளே போய்த் தண்ணீராகிவிடும். டின்னைச் சிமெண்டுத் தரையில் வைக்கக் கூடாது, பலகைமேல்தான். நாட்பட்ட எண்ணெயை ஊற்ற மாட்டார், மோட்டார் சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

ஸ்டேசனில் பம்ப் பிடிக்கிற ஆளுக்கும் அவருக்கும் எப்போதும் வம்புதான். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன்.

"மெஷின் அம்மா வந்துட்டாங்க லா. பாட்டில் எங்கம்மா?"

"என் கையில இருக்கு. நீ இன்னிக்கு வாயக் கழுவினியா?"

"கழுவிட்டேன்மா, மோந்து பாக்கறீங்களா? இது கம்பெனி எண்ணெய்மா. இதுல தண்ணி கலக்க நான் யாரு?"

"தண்ணி கலந்தா எனக்குப் பயமில்லடா. தண்ணி அடியில போய்த் தனியா நிக்கும், வடிச்சிடலாம். கூடவே கலந்து ஒண்ணாப் போயிடுது பாரு, அதுக்குத்தான் பயம்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

டின்களை வைக்க என் வேலியை ஒட்டி ஒரு கொட்டகை போட்டார். துத்தநாகத் தகடு சூடேறும் என்று அத்தாப்பு ஓலைக் கூரை. எண்ணெய்க்கு அது நல்லது. எனக்கு அது தீக்குச்சிமேல் வைக்கோல். நான் போய்ச் சண்டை போட்டேன். கடைசியில் ஆறு டின்னுக்கு மேல் வைப்பதில்லை என்று பேசி முடித்தோம். காலையில் பல் விளக்கிக்கொண்டே வேலியோரம் நின்று எண்ணுவேன். சிவப்புப் பெயிண்ட் அடித்த டின்கள், ஆறு. சில நாள் ஐந்து. ஏழு என்று ஒருநாளும் இருந்ததில்லை. பேச்சை மீறாத மனுஷி.

அவருக்கு ஒரே மகள். மெர்லிமாவில் ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை. முப்பதைத் தொட்டுவிட்டாள், கல்யாணம் தகையவில்லை. தகையாததற்குக் காரணம் அந்தத் தேநீர்க் கோப்பை.

ரெம்பியாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது நாற்காலிதான் இருந்தது, என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் கதவருகே நின்றேன். மாப்பிள்ளை அரசாங்க ஆபீஸில் வேலை, சட்டையில் மடிப்புக் கலையவில்லை. அம்மாள் கோப்பையை நீட்டினார், குனிந்தார், "சீனி போதுமா?" என்றார். நிமிர்ந்தார். உள்ளே திரும்பி மகளிடம், "பலகாரத்த எடுத்து உள்ள வைம்மா" என்றார்.

மாப்பிள்ளையின் மாமா பதறிப்போய், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. வாசம் வருது."

"ஐயோ, அது இருமல் மருந்துங்க. காலையில குடிச்சாரு."

"அப்படிங்களா? வந்ததுலேருந்து ஒருதடவகூட இருமலியே."

இதைக் கேட்ட மாப்பிள்ளை இருமினார். இருமல் அவருக்குச் சரியாக வரவில்லை. மாமாதான் இரண்டு இருமல் சேர்த்துப் போட்டார்.

இன்னும் இரண்டு சம்பந்தங்கள் அதேபோலத் தேநீரோடு திரும்பிப் போயின. அதன்பிறகு தரகர்கள் எங்கள் தெருவுக்கே வரவில்லை. மெஷின் அம்மா வீட்டுக்குப் போவதென்றால் மூன்று நாள் விரதம் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று கடைத்தெருவில் பேசிச் சிரித்தார்கள். மகள் அந்தச் சிரிப்பைக் கிளினிக் ஜன்னல் வழியாகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளே ஒருவரைப் பார்த்துவைத்துச் சொன்னாள். சுங்கை ரம்பாயில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தாயாரை மருந்துக்குக் கூட்டிவந்த இடத்தில் பழக்கம். குடிப்பழக்கம் கிடையாது என்று அவள் விசாரித்திருந்தாள். அவருடைய அண்ணன் கம்பத்துச் சாலையில் மளிகைக்கடை வைத்திருந்தார். அரிசி, பருப்போடு, தோம்பு என்கிற பீப்பாயில் பெட்ரோலும் வைத்து மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பாட்டில் பாட்டிலாக விற்பார். எல்லோரும் ஒரே வீடு, ஒரே சமையல்.

பெண் பார்க்க அவர்கள் வருவதற்கு முதல்நாள் மகள் என்னை வேலியிலிருந்து கூப்பிட்டாள். போனேன். அம்மாள் குந்தி உட்கார்ந்து டிராக்டரின் பிளேடைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"கிராணி மாமா, நீங்க சாட்சி. அம்மா, இங்க பாரு. நாளைக்கு எதையும் மோந்து பாக்க மாட்டேன், எதையும் குலுக்கிப் பாக்க மாட்டேன்னு சொல்லு. நாளைக்கு மட்டுமில்ல, என்னைக்கும். அந்த வீட்டு ஆளுங்க எது கொடுத்தாலும் வாங்கிக்க. இந்தத் தடவையும் நீ பாட்டில எடுத்தா நான் இந்த வீட்டோட கெடந்து செத்துப்போவேன்."

அவர் அரத்தை நிறுத்தவில்லை. "நிக்கட்டும், பாப்போம்" என்றார்.

"நிக்க வேணாம்! முப்பது வயசு வரைக்கும் நின்னாச்சு. இப்பவே சொல்லு."

அரம் நின்றது. "சரி" என்றார். அவர் வாயிலிருந்து குலுக்காமல் வந்த முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் தேநீரை மகள் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அம்மாள் சுவரோரம் கைகட்டி நின்றார். அவருக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை தங்கமான மனிதர், இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கனத்த உடம்பு, உரத்த சிரிப்பு. கல்யாணம் முடிந்த மறுவாரமே ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்து இறங்கினார். கையில் நீலப் பெயிண்ட் அடித்த ஒரு டின்.

"அத்தை, இனிமே நீங்க ஸ்டேசன் ஸ்டேசனா அலைய வேணாம். அண்ணன் கடை எண்ணெய். வாராவாரம் நான் கொண்டாந்துடறேன்."

"எதுக்கு மாப்பிள்ளை சிரமம்?"

"என்ன சிரமம் லா? ஒரு மருமகன் இதுகூடச் செய்யாட்டி எப்படி?"

மறுநாள் காலை வேலியோரம் நின்று எண்ணினேன். சிவப்பு ஆறு, நீலம் ஒன்று. போகட்டும், புது மாப்பிள்ளை கொண்டுவந்தது என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் நீலம் இரண்டு. பிறகு மூன்று. சிவப்பு ஒன்று குறையும், மறுபடி நிறையும். நீலம் குறையவே இல்லை. நீலம் ஒன்பதானபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் வேறு கொளுத்திக்கொண்டிருந்தது. எழுந்து போனேன்.

"என்னம்மா இது? ஆறுன்னு பேசினோம், பதினஞ்சு நிக்குது. யாராவது ஒரு சுருட்டுத் துண்டப் போட்டா ரெண்டு வீடும் போயிடும். அந்த நீல டின்ன முதல்ல ஊத்தித் தீருங்களேன்."

அவர் உள்ளே போய், பழைய கைலியில் சுற்றியிருந்த எதையோ எடுத்துவந்து பிரித்தார். சிரப்புப் பாட்டில். தண்ணீர் கீறலுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நின்றது.

"குலுக்க மாட்டேன்னு மககிட்டச் சொன்னீங்களே?"

"நான் குலுக்கல, கிராணி. ஊத்தி மூடி வெச்சேன். கோழி தட்டி உருட்டிடுச்சு."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதே எண்ணெயத்தான் தன் மோட்டார் சைக்கிளுக்கும் ஊத்தறாரு. புது வண்டி, அதுக்கு ஒண்ணும் ஆகாது. அண்ணங்காரன் வேலை இது."

அவர் சொன்னது சரிதான். தொழிற்பேட்டையில் சாமான் கழுவிக் கழித்த ஸ்பிரிட்டை அந்த அண்ணன் மலிவாகப் பிடித்துத் தோம்பில் கலக்கிறார் என்று பின்னால் என் காதிலும் விழுந்தது.

"அப்ப மாப்பிள்ளைகிட்டப் பக்குவமாச் சொல்லிடலாமே. நல்ல மனுசன்."

"நல்ல மனுசன், அதான் பயம். நேரா அண்ணங்கிட்ட போய் நிப்பாரு. அந்த வீட்டு அடுப்பு அண்ணங்காரன் கடையிலதான் எரியுது. என் மக அந்த அடுப்படியில நிக்கிறா. 'உங்கம்மா எங்களத் திருடன்னு சொல்றா'ன்னு எல்லாரும் யாரு மூஞ்சியப் பாப்பாங்க?"

"கொட்டிடுங்க."

"எங்க கொட்ட? இந்தப் பக்கம் உங்க கிணறு. அந்தப் பக்கம் மலாய்க்கார அக்காவோட வாத்து."

"யாருக்காவது கொடுத்துடுங்க."

"கொடுத்தா, 'உங்க அத்தை தர்மம் பண்றாங்க'ன்னு மறுவாரமே சுங்கை ரம்பாய்க்குச் செய்தி போயிடும்." பாட்டிலை மறுபடி கைலியில் சுற்றினார். "நிக்கட்டும், கிராணி. பாப்போம்."

அவர் ரகசியமாக ஸ்டேசனுக்குப் போய் நல்ல எண்ணெய் வாங்கிவந்தார். பை போட்டு மூடி, சைக்கிள் பின்னால் கட்டி, ஏதோ திருட்டுச் சரக்குக் கொண்டுவருவதுபோல. எண்ணெய்க்காக இவ்வளவு நேர்மை பார்த்த மனுஷி எண்ணெய்க்காகவே பொய் சொல்லப் பழகினார். "எண்ணெய் எப்படி அத்தை?" என்று மாப்பிள்ளை கேட்கும்போதெல்லாம், "மெஷின் தண்ணியாட்டம் ஓடுது மாப்பிள்ளை" என்பார். டின்னை வாசலிலேயே வாங்கிக்கொள்வார், அவரைக் கொட்டகைப் பக்கம் விட மாட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தலையைக் குனிந்துகொள்வேன்.

மகள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது, வளைகாப்பு பேசுவதற்காக அந்த அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வந்தார். ஒல்லியானவர், மெதுவாகப் பேசுகிறவர், எல்லாவற்றையும் பார்க்கிறவர். சாப்பிட்டு முடித்ததும் காற்றாட வெளியே வந்தார். நான் என் வீட்டுப் பக்கம் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொட்டகைப் பக்கம் நடந்தார். சட்டைப்பையில் கைவிட்டார். சிகரெட்டை வாயில் வைத்தார். தீப்பெட்டியைத் திறந்தார்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் கத்தத்தான் செய்வேன். தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். பிறகு நான் எதற்குக் கத்தினேன் என்று கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

அவரும் எண்ணுகிறவர்தான். விரலை நீட்டி எண்ணினார். "தம்பி, இங்க வாடா" என்றார். மாப்பிள்ளை கை கழுவிய ஈரத்தோடு வந்தார். பின்னால் மகள், நிலையைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் அந்த அம்மாள்.

"நீலம் இருபத்தொன்னு இருக்குடா. நீ கொடுத்தது ஒண்ணுகூடத் தொறக்கல போல."

மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல வடிந்தது. "அத்தை?" என்றார்.

அண்ணன் அந்த அம்மாளைப் பார்த்தார். "நம்ம எண்ணெய் அத்தைக்கு ஆகல லா. ஊர்ல சொன்னாங்க, பாட்டில்ல குலுக்கிப் பாத்துத்தான் ஊத்துவீங்களாமே. பாத்தீங்களா? என்ன தெரிஞ்சுது? சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

கேலிபோலத்தான் கேட்டார். ஆனால் அவருக்குப் பதில் தெரியும், அந்த அம்மாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் ஈரத்தோடு நின்றார். இன்னொருத்தி வயிற்றில் கைவைத்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெளியாள் எண்ணெயத்தான் குலுக்குவேன். வீட்டு எண்ணெய எதுக்குக் குலுக்கணும்?"

"அப்ப ஏன் அத்தை அடுக்கி வெச்சிருக்கீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"தீபாவளிக்கு நீங்க எடுத்துக் கொடுத்த சேலையையும் அடுக்கித்தான் வெச்சிருக்கேன். நல்லது வந்தா உடனே எடுத்துச் செலவு பண்ண மனசு வருதா? அப்படியே பழகிட்டேன் மாப்பிள்ளை."

சொல்லிவிட்டு ஒரு நீல டின்னை எடுத்தார். டிராக்டர் பக்கம் போய் டாங்கி மூடியைத் திருகினார். மாப்பிள்ளை ஓடிவந்து, "குடுங்க அத்தை, நான் ஊத்தறேன்" என்று டின்னை வாங்கிக்கொண்டார். அம்மாளின் உள்ளங்கை டாங்கியின் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. மாப்பிள்ளை டின்னைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு கை விலகியது.

டாங்கி நிரம்பியது. மாப்பிள்ளை கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது. பெரிய உடம்பை அந்தச் சின்ன இருக்கையில் அமுக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். என் வேலியோரம் இருந்த சேரை என்கிற எலுமிச்சைப்புல் புதரைச் சாய்த்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, சிகரெட்டைப் பற்றவைக்கச் சாலைப் பக்கம் போனார். அம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர் பக்கம் அவர் திரும்பவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளை வேலிக்கு வந்து என்னிடம், "கிராணி மாமா, நீங்க பயப்படாதீங்க. இனி நானே வாராவாரம் ஊத்தி இந்த டின்னெல்லாம் தீத்துடறேன்" என்றார். சொன்னபடி செய்தார். நீலம் இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று இறங்கியது. மாதக்கணக்காக நான் வேண்டிக்கொண்டது நடந்தது. எனக்குச் சோறு அப்போதும் இறங்கவில்லை.

முதல் வாரமே, அவர்கள் போனபிறகு, அம்மாள் டாங்கியை வடிக்கத்தான் பார்த்தார். ரப்பர்க் குழாயைப் பிடித்ததும் அது பிசுபிசுவென்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் அதற்குத் துணி சுற்றிக் கட்டிவிட்டு எழுந்துவிட்டார். அதன்பிறகு வடிக்க முயலவில்லை. வடித்தால் அடுத்த ஞாயிறு டாங்கி காலியாக இருக்கும், மாப்பிள்ளை கேட்பார், அதற்கு ஒரு பொய் தேட வேண்டும். பொய் சொல்லி அலுத்துவிட்டது போலும்.

சில வாரங்களில் டிராக்டர் பள்ளிக்கூடத் திடல் நடுவில் பெட்ரோலை வழியவிட்டு நின்றது. மெர்லிமாவில் இருந்த பட்டறைத் தவுக்கே, அதன் முதலாளி, கார்புரேட்டரைத் திறந்து மிதவையை வெளியே எடுத்தார். கோப்பியில் நனைத்த ரொட்டி மாதிரி இருந்தது. அமுக்கினால் பெட்ரோல் சொட்டியது. "ஹாபிஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். ஏதோ செருப்பு அட்டையைச் செதுக்கி ஒன்று செய்துபோட்டுப் பார்த்தார். இரண்டு நாள் ஓடியது. அதற்குள் உள்ளே இருந்த மற்ற ரப்பர்களும் போய்விட்டன. அந்தச் சாமான்கள் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

பிறகு அம்மாள் தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டார். அது எந்த எண்ணெயையும் குடிக்கும். பள்ளிக்கூடத் திடலை ஒரு குத்தகைக்காரன் எடுத்துக்கொண்டான். இடுகாடும் சில வீடுகளும் மட்டும் இவரிடம் மிஞ்சின. சாயங்காலம் தோளில் மிளகாய்ப் பற்றுப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். நான் ஒருநாள், "எல்லாத்தையும் அன்னிக்கே உடைச்சுச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். "விடுங்க கிராணி" என்றார். விட்டுவிட்டேன். கொட்டகையை எப்போதோ பிரித்தார்கள். காலையில் பல் விளக்கும்போது அந்தப் பக்கம் எண்ண ஒன்றுமில்லை. கண் மட்டும் பழக்கத்தில் அங்கே போகும்.

மாப்பிள்ளை விடவில்லை. பேத்தி பிறந்தபிறகும் ஞாயிறுதோறும் வருவார். வந்து, ஸ்பேனரோடு டிராக்டர் அடியில் படுத்துக்கொள்வார். அத்தையின் பிழைப்புச் சாமான், எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கூடவே கொண்டுவந்த அண்ணன் கடைப் பெட்ரோலிலேயே பளபளவென்று கழுவிப் பலகைமேல் அடுக்குவார். ஒருநாள் நான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து வந்து, கையெல்லாம் கறுப்பாக, என் முன்னால் நின்றார்.

"கிராணி மாமா, நீங்கதான் புத்தகமெல்லாம் படிச்சவரு. நல்லா ஓடிட்டிருந்த மெஷின். திடீர்னு இதுக்கு என்னதான் ஆச்சு?"

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் தேநீர் ஆற்றிக்கொண்டே வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்.

"வயசாச்சு மாப்பிள்ளை" என்றார். "வேற ஒண்ணுமில்ல. அது எங்க கல்யாணத்துக்கு முந்தின மெஷின். எத்தன நாளைக்குத்தான் ஓடும்?"

"இருந்தாலும் அத்தை..."

"இந்தாங்க, தேத்தண்ணி ஆறிடும்."

கோப்பையை மேசைமேல் வைக்கவில்லை. கையில் கொடுத்தார். கொடுக்கும்போது தலையை ஒருபக்கம் சாய்த்து, அவர் முகத்தருகே குனிந்தார்.

"சீனி போதுமா?"

"போதும் அத்தை. கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று வாயைத் திறந்து சிரித்தார் மாப்பிள்ளை.

அம்மாளின் மூக்கு லேசாக விரிந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. பதிலைக் காதில் வாங்காமல் உள்ளே போனார்.